மூல நாடாவும் மறுபதிப்பு இசைத்தட்டும்

பழைய நூல் ஒன்று மறுபதிப்பாக வெளிவரும்போது, அஃது எம்மூலத்தைத் தழுவியது என்பதே கற்றோர் முதற்கண் எழுப்பும் வினாவாகும். இசைத்தட்டின் மறுபதிப்புக்கும் இவ்வினா பொருந்தும். அமெரிக்க இசைஞர் ஹெர்பி ஹான்காக் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹெட் ஹன்டர்ஸ்' என்னும் இசைத்தட்டு இதனை விளக்கத் தக்க சான்றாகும். ஒலிநயம் தேரும் சுவைஞர்க்கென அது பன்முறை மறுபதிப்புப் பெற்றுள்ளது.

இசையின் இயல்பு

1940ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் பிறந்த ஹான்காக், மைல்ஸ் டேவிஸ் குழுவில் பியானோ வாசித்துப் புகழ் பெற்றவர். வாசிக்கும்போதே கற்பனையாக விரித்துச் செல்வது ஜாஸ் இசையின் உயிர். ஆடற்கேற்ற அழுத்தமான தாளக்கட்டும், திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாழ்சுரத் தொடரும் ஃபங்க் இசையின் உயிர். இவ்விரண்டையும் இணைத்தது இத்தட்டு. இதில் உள்ளவை நான்கு உருப்படிகளே. முதலாவதாகிய 'கமீலியன்' பதினைந்து நிமிடத்திற்கு மேல் நீள்வது. அதன் அடித்தளமான தாழ்சுரத் தொடரை ஹான்காக் 'ஆர்ப் ஆடிஸி' என்னும் மின்னிசைக் கருவியில் வாசித்தார். அடுத்துள்ள 'வாட்டர்மெலன் மேன்' அவரே 1962இல் வெளியிட்ட உருப்படியின் புது வடிவம். அதன் தொடக்கத்தில், குழலும் குரலும் மாறி மாறி ஒலிக்கும் நடு ஆப்பிரிக்க மரபொன்றைப் பின்பற்றி, பில் சம்மர்ஸ் வெற்றுப் புட்டியை ஊதி ஒலி எழுப்புகிறார்.

தட்டு உருவாகும் முறை

இசை முதலிற் பதிவானது காந்த நாடாவில். அந்நாடாவின் ஒலியைக் கொண்டு, அலுமினியத் தட்டின்மேல் பூசப்பட்ட லாக்கர் என்னும் மென்பூச்சில் ஊசி பள்ளம் கீறுகிறது. அதன்மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் முலாம் ஏற்றிப் பிரித்தெடுத்தால், பள்ளங்கள் மேடுகளாக அமைந்த உலோகத் தட்டொன்று கிடைக்கும். இதனைத் தொழிலாளர் 'தந்தை' என்பர். தந்தையினின்று 'தாய்' எடுக்கப்படும். தாயினின்று அச்சுத் தட்டு எடுக்கப்படும். அவ்வச்சே சூடான வினைல் பொருளை அழுத்தி, கடையில் விற்கும் தட்டை ஆக்குகிறது. ஏடு படியெடுப்போர் கையில் பிழை புகுந்தவாறே, இங்கும் படிதோறும் ஒலி சிறிது குன்றும் என்பது வெளிப்படை.

இடமும் ஒரு தடையாகும். தாழ்சுரம் பெருகப் பெருகப் பள்ளத்தின் வளைவும் அகலும். அதனாலேயே வெட்டும்போது தாழ்சுரத்தைக் குறைத்தும், ஒலிக்கும்போது அதே அளவில் கூட்டியும் கொள்ளும் முறை உள்ளது. அவ்வாறு செய்தும், இத்தட்டின் முதற்பக்கத்தில் இருபத்திரண்டு நிமிட இசையை அடக்க வேண்டியிருத்தலின், பள்ளங்களை நெருக்கி வெட்டல் வேண்டும். ஒலியின் வலிமையும் குறையும். மேலும், 12 அங்குலத் தட்டு நிமிடத்திற்கு 33⅓ சுற்று சுழலும்போது, வெளி விளிம்பில் ஊசியின்கீழ் நொடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும். உள் விளிம்பிலோ ஏறத்தாழ 21 சென்டிமீட்டரே ஓடும். ஆதலின் பக்கத்தின் முடிவில் நுண்ணொலிகள் மங்குதல் இயல்பு. இக்குறை நீங்கவே உயர்தர மறுபதிப்பாளர் சிலர் ஓர் இசைத்தட்டை இரண்டாகப் பிரித்து, 45 சுற்று வேகத்தில் வெட்டுகின்றனர். அம்முறையில் 'கமீலியன்' ஒன்றே ஒரு பக்கத்தை நிரப்பிவிடும். கேட்போர் அடிக்கடி எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். எனினும் ஒலி தெளிவுறும்.

மறைத்தல் தகுமோ?

மூல நாடாவோ ஐம்பதாண்டு கடந்தது. ஓட்டுந்தோறும் அது தேய்தலின், உரிமையாளர் அதனை வெளியே அனுப்பத் தயங்குவர். அந்நிலையில் நாடாவை ஒருமுறை எண்முறையில் பதிந்து, அப்பதிவினின்று தட்டு வெட்டுவாரும் உளர். இது குற்றமன்று, மறைத்தலே குற்றம். அமெரிக்க மறுபதிப்பு நிறுவனம் ஒன்று தன் தட்டுகள் பலவற்றில் எண்முறைப் பதிவை இடையில் கையாண்டது 2022இல் வெளியாயிற்று. நேரே நாடாவினின்று வெட்டியவை என்று எண்ணி உயர்ந்த விலை கொடுத்தோர் கொதித்தனர், வழக்கும் எழுந்தது. வியப்பு யாதெனின், அத்தட்டுகளின் ஒலியை அதுகாறும் தேர்ந்த செவியினர் பலர் புகழ்ந்து வந்தனர் என்பதே. செவிக்குப் புலப்படாத வேறுபாட்டைச் சொல்லவேண்டிய கடன் பதிப்பாளர்க்கு உண்டோ எனச் சிலர் வினவினர். உண்டு என்பதே விடை. ஒலி நன்றாயிருத்தல் ஒன்று. அஃது எவ்வழி வந்தது என்பது வேறொன்று. பின்னதை அறியாதார் முன்னதை முற்றும் மதிப்பிடுதல் இயலாது.

'ஹெட் ஹன்டர்ஸ்' உறையில் ஹான்காக்கின் முகத்தை மறைக்கும் முகமூடி ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவின் பாவுலே மக்களது முகமூடியையும், நாடாப்பொறியின் தலைப்பில் தேங்கும் வேண்டாக் காந்தத்தை நீக்கும் சிறு கருவியையும் அதன் வடிவம் தழுவியது. அக்கருவி தனக்கென ஓர் ஒலியும் சேர்ப்பதன்று. வந்த ஒலி கெடாது செல்லுமாறு வழியைத் தூய்மை செய்வது. மறுபதிப்பாளரின் பணியும் அதுவேயாகும்.