கயிறு வீசும்போது கூலி பேசலாமா?

கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறி நின்றுவிட்டால், இழுக்க வருபவர் சொல்வதுதான் விலை. இருட்டும் மழையும் சேர்ந்தால் இன்னும் ஏறும். ஆனாலும் சாரதி "வேண்டாம்" என்று சொல்லி, சில்லுக்குக் கல் வைத்துவிட்டு விடியும்வரை காத்திருக்கலாம். நடுக்கடலில் இயந்திரம் நின்ற கப்பலுக்கு அந்த வசதி இல்லை.

1978 மார்ச் 16 அன்று பிரான்சின் பிரிட்டனி கரையோரம் 'அமோக்கோ காடிஸ்' எண்ணெய்க் கப்பலின் சுக்கான் செயலிழந்தது. 'பசிபிக்' என்ற ஜெர்மானிய இழுவைக் கப்பல் வந்து கயிறும் கட்டியது. ஆனால் எந்த ஒப்பந்தம் என்பதில் மணிக்கணக்காக இழுபறி. மாலுமித் தலைவர் சாதாரண இழுவைக் கூலிதான் தருவேன் என்றார். வந்தவர்களோ லாயிட்ஸ் மீட்பு ஒப்பந்தம் கேட்டார்கள். மாலை நான்கு மணியளவில் இணக்கம் வந்தது. பிறகு கயிறு அறுந்தது. இரவில் கப்பல் பாறையில் மோதியது. 2,20,000 தொன்னுக்கும் அதிகமான எண்ணெய் கடலில் கலந்தது. பேரம் பேசாதிருந்தால் கப்பல் தப்பியிருக்குமா என்று பின்னர் நெடுநாள் வாதாடினார்கள்.

இரண்டு ஒப்பந்தங்களுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? இழுவைக்குக் கூலியை முன்பே பேசிவிடுவார்கள். மீட்புக்கோ தொகை எழுதாமலே கையெழுத்திடலாம். "மீட்காவிட்டால் கூலியில்லை" என்பதே நிபந்தனை. எவ்வளவு ஆபத்து, எவ்வளவு திறமை, காப்பாற்றிய சொத்தின் பெறுமதி என்ன என்று நடுவர் பின்னர் எடைபோடுவார். கூலி அந்தப் பெறுமதியைத் தாண்டக் கூடாது. ஆபத்தைக் காட்டி அநியாய விலைக்கு ஒப்பமிட வைத்திருந்தால், 1989ஆம் ஆண்டின் சர்வதேச மீட்பு உடன்படிக்கைப்படி அதை ரத்துச் செய்யவோ திருத்தவோ முடியும். கப்பலைக் காப்பாற்ற முடியாமற்போனாலும், எண்ணெய் மாசைத் தடுக்கப் பாடுபட்டவருக்குச் செலவாவது கிடைக்க வழி வைத்ததும் அதே உடன்படிக்கைதான். அமோக்கோ காடிஸ் கற்பித்த பாடம் அது. இலங்கையில் 1983ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டப்படி மீட்புக் கூலி வழக்குகள் மேல் நீதிமன்றத்துக்கு வருகின்றன.

நம் கடலும் இப்படியொரு விபத்தைப் பார்த்துவிட்டது. 2020 செப்டம்பர் 3 அன்று சுமார் 2,70,000 தொன் மசகெண்ணெயுடன் இந்தியா நோக்கிப் போன 'நியூ டயமண்ட்' கப்பல் கிழக்குக் கரைக்கு அப்பால் தீப்பற்றியது. இலங்கைக் கடற்படையும் இந்தியக் கரையோரக் காவல்படையும் விலை பேசிக்கொண்டிருக்கவில்லை. நேரே தண்ணீர் பாய்ச்சின. மீட்பு நிறுவனமான 'ஸ்மிட்'டின் நிபுணர்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள். கணக்கும் பின்னால்தான் வந்தது: தீயணைப்புச் செலவுக்காகச் சட்டமா அதிபர் உரிமையாளரிடம் முதலில் 340 மில்லியன் ரூபா கேட்டார். 23 மாலுமிகளில் ஒருவர் இறந்தார், 22 பேர் தப்பினார்கள். அவர்களிடம் யாரும் கூலி கேட்க முடியாது. உயிரைக் காத்ததற்குக் காப்பாற்றப்பட்டவர் எதுவும் தர வேண்டியதில்லை என்று உடன்படிக்கையே சொல்கிறது.