கபினியில் நீர் குறையும்போது

ஜூன் பிறந்து வயநாட்டில் மழை பிடித்துக்கொண்டால் கபினி நம் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்துவிடும். விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு, பிலிகுண்டுலுவில் நீர்வரத்து அதிகரிப்பு, ஒகேனக்கலில் பரிசல் இயக்கத் தடை, மேட்டூர் மட்டம் உயர்வு என்று சில நாள் ஓடும். பிறகு அந்தப் பெயர் அடுத்த மழைவரை காணாமல் போகும். டெல்டாக்காரருக்குக் கபினி ஓர் எண். ஏறினால் நிம்மதி, இறங்கினால் கவலை. அவர் பயிர் அப்படி, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த எண் இறங்கிக்கொண்டே போகும் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில்தான் மைசூரு மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் ஆசிய யானைகள் வேறெங்கும் காணாத எண்ணிக்கையில் ஒன்றுகூடுகின்றன. நீர் இறங்குவதே அவை கூடுவதற்குக் காரணம்.

கபினி பிறப்பது கேரளத்தின் வயநாட்டில். பனமரம் ஆறும் மானந்தவாடி ஆறும் சேர்ந்து கிழக்கே திரும்பி, கர்நாடகத்துக்குள் நுழைந்து, நஞ்சன்கூட்டைத் தொட்டு, திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு கலக்கிறது. அதற்கு முன் எச்.டி. கோட்டை வட்டத்தில் பீச்சனஹள்ளி, பிதரஹள்ளி ஊர்களை ஒட்டி 1974-இல் கட்டி முடித்த அணை அதைத் தடுத்து நிறுத்துகிறது. முழுக் கொள்ளளவு 19.52 டி.எம்.சி.; முழு மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 2,284 அடி. கிருஷ்ணராஜ சாகரின் 49.45 டி.எம்.சி.க்கு முன்னால் இது சிறிசுதான். சிறிசாக இருப்பதாலும் வயநாட்டு மழை நேராக வந்து விழுவதாலும் பெரும்பாலும் இதுவே முதலில் நிரம்புகிறது. காவிரி வழக்கு எத்தனை சூடாக இருந்தாலும், நிரம்பிய கபினி நீரைக் கீழே விட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்த ஏரியின் விசேஷம் அது அமைந்திருக்கும் இடம். மேற்கே வயநாடு தென்மேற்குப் பருவமழையில் நனைந்து ஊறும். மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் மழை மறைவுப் பகுதி. தேக்கும் மத்தியும் வேங்கையும் நிற்கும் இலையுதிர் காடு. ஈரப் பக்கத்தின் தண்ணீரை வறண்ட பக்கத்தின் காட்டுக்குள் கொண்டுவந்து தேக்கிவைத்தது போலத்தான் ஆயிற்று. வடக்குக் கரை நாகரஹொளே, தெற்குக் கரை பந்திப்பூர். இரண்டோடும் கேரளத்தின் வயநாடு சரணாலயமும் தமிழகத்தின் முதுமலையும் ஒட்டிக்கிடக்கின்றன. யானைக்கு மாநில எல்லை தெரியாது. முதுமலையில் பார்த்த கூட்டத்தைக் கபினிக் கரையிலும் பார்க்க முடியும்.

பிப்ரவரியில் காடு காயத் தொடங்கும். மரங்கள் மொட்டையாகும், உள்காட்டுக் குட்டைகள் வற்றும், புல் முற்றி வைக்கோலாகும். எஞ்சிய இடங்களில் உண்ணிச்செடி மண்டியிருக்கிறது. யானை அதைச் சீந்துவதில்லை. அதே மாதங்களில் பாசனத்துக்கும் குடிநீருக்கும் அணையிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருப்பதால் ஏரி சுருங்கும். கபினியின் படுகை செங்குத்தான பள்ளத்தாக்கு அல்ல. தட்டையாகச் சரியும் நிலம். அதனால் மட்டம் ஓரடி இறங்கினாலும் கரை வெகுதூரம் பின்வாங்கும். வண்டல் படிந்த, இன்னும் ஈரம் காயாத அந்த நிலத்தில் பத்துப் பதினைந்து நாளில் பசும்புல் முளைத்துவிடும். ஒரு யானைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி வேண்டும். காடெல்லாம் காய்ந்து கிடக்கும் நேரத்தில் இளம்புல்லும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைத்தால் கூட்டங்கள் வராமல் என்ன செய்யும்?

படகிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது எண்ணிக்கை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவை தின்னும் விதம் தெரியும். புல் கட்டையாக இருப்பதால் துதிக்கையால் மட்டும் வளைத்துப் பிடுங்க முடியாது. முன்காலின் நகத்தால் தரையை உதைத்து வேரோடு கிளப்பும். துதிக்கையில் ஒரு பிடி சேர்ந்ததும், சந்தையில் கீரைக்கட்டை வாங்கியவர் உதறுவது போல, காலில் இரண்டு மூன்று முறை அடித்து மண்ணை உதிர்த்துவிட்டு வாயில் வைக்கும். குட்டிகளுக்கு இந்த வித்தை இன்னும் கைவந்திருக்காது. தாயின் வாயிலிருந்து பிடுங்கித் தின்னப் பார்க்கும்.

மற்ற மாதங்களில் காட்டுக்குள் சிதறித் திரியும் குடும்பங்கள் இங்கே அடுத்தடுத்து மேய்வதால் ஆண் யானைகளுக்கும் இது துணை தேடும் களம். அப்படி வந்துபோனவற்றில் பேர்பெற்றது போகேஸ்வரா. தரையைத் தொடும் அளவுக்கு நீண்டு, ஒன்றையொன்று நோக்கி வளைந்த தந்தங்கள். 2022 ஜூனில் பந்திப்பூரின் குண்ட்ரே சரகத்தில், அறுபதை ஒட்டிய வயதில், முதுமையால் இறந்தது. அளந்தபோது ஒரு தந்தம் 2.54 மீட்டர், மற்றது 2.34 மீட்டர். அப்படி ஒரு தந்தத்தோடு ஒரு யானை வேட்டைக்காரர் கையில் சிக்காமல் வயதாகிச் சாவது இந்தக் காட்டின் காவலர்களுக்குக் கிடைத்த நற்சான்று என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

அணைக்கட்டு ஒன்று மேய்ச்சல் நிலத்தை உண்டாக்கியது இங்கே மட்டுமல்ல. ஆப்பிரிக்காவில் ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவே ஜாம்பேசி ஆற்றில் 1955 முதல் 1959 வரை கட்டிய கரிபா அணைக்குப் பின்னால் தேங்கிய ஏரி, கொள்ளளவில் உலகின் மிகப் பெரிய செயற்கை ஏரி. நம் கணக்கில் ஆறாயிரம் டி.எம்.சி.க்கு மேல், அறுபதுக்கும் அதிகமான மேட்டூர். அங்கும் வறண்ட மாதங்களில் நீர் பின்வாங்கும் கரையில் ஒருவகைப் புல் படர, மட்டுசடோனா தேசியப் பூங்காவின் எருமைகளும் யானைகளும் அதை நம்பி வருகின்றன. அங்கும் மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் தண்ணீரில் நின்று, மீன்கொத்தும் பறவைகளுக்கு இருக்கையாகின. நீர்யானை மட்டும்தான் கபினியில் இல்லை. முதலையும் நீர்நாயும் இரண்டிலும் உண்டு. இன்னொரு உறவும் சொல்லலாம். நம் ஏரிகளில் ஜிலேபி கெண்டை என்று வலை நிறைய விழும் மீனின் பூர்வீகம் ஜாம்பேசியின் கீழ்ப்பகுதி; 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். நாட்டு மீன்களைத் தள்ளிவிட்டு அது எப்படிப் பெருகியது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

ஏரி தந்ததைப் பேசினால் விழுங்கியதையும் பேச வேண்டும். கரிபா நிரம்பியபோது சுமார் 57,000 தொங்கா இன மக்கள் ஆற்றங்கரையை விட்டு வெளியேற்றப்பட்டனர். தீவுகளில் சிக்கிய விலங்குகளுக்கு இருந்த அதிர்ஷ்டம் அவர்களுக்கு இல்லை. ‘நோவா நடவடிக்கை’ என்று பேர்வைத்துப் படகில் ஏற்றி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகளைக் காப்பாற்றிய கதைதான் உலகம் முழுக்கப் பரவியது. கபினியிலும் வயலும் வீடும் இழந்த கிராமங்கள் உண்டு. காட்டைவிட்டு வெளியே குடியமர்த்தப்பட்ட ஜேனு குருபர் பழங்குடியினர் இன்றும் எச்.டி. கோட்டைப் பக்கம் நில உரிமைக்காக மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

நீருக்குள் போனது காக்கனகோட்டைக் காட்டின் ஒரு பகுதியும்தான். மைசூரு சமஸ்தானத்தின் ‘கெட்டா’ நடந்த இடம் அது. 1870-களில் சாண்டர்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி தொடங்கிவைத்த முறை. காட்டு யானைக் கூட்டத்தை மேளமும் தீப்பந்தமுமாக விரட்டி, கபினி ஆற்றைக் கடக்கவைத்து, மரக்கட்டை அடைப்புக்குள் தள்ளிப் பிடிப்பார்கள். வைஸ்ராய்களும் இளவரசர்களும் மேடை போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். 1937-இல் வந்த ‘எலிஃபென்ட் பாய்’ ஆங்கிலப் படத்தில் நடித்து ஹாலிவுட் வரை போன சாபு, இந்த ஆற்றங்கரைக் காராபுராவில் பிறந்த பாகன் மகன். 1968-இல் காக்கனகோட்டையில் பிடிபட்ட ஒரு யானைதான் பிற்காலத்தில் 2012 முதல் 2019 வரை மைசூரு தசராவில் 750 கிலோ தங்க அம்பாரியைச் சுமந்த அர்ஜுனா. கடைசி கெட்டா 1971-இல் நடந்தது. சில ஆண்டுகளில் ஏரி வந்தது. யானைகளைப் பிடிக்க மனிதர் கூடிய அதே ஆற்றோரத்துக்கு இன்று யானைகளைப் பார்க்க மனிதர் கூடுகிறார்கள். பழைய வேட்டை மாளிகை அரசு விடுதியாகிவிட்டது.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புலி, சிறுத்தை, அண்மைக்காலத்தில் புகழ்பெற்ற கருஞ்சிறுத்தை என்று எல்லோரும் காட்டு ஜீப்புக்கே முண்டியடிக்கிறார்கள். யானைக்குப் படகுதான் சரி. பட்ட மரத்தில் விராலடிப்பான் இருக்கும், சேற்றில் முதலை வாய் பிளந்து கிடக்கும், புள்ளிமான் கூட்டத்தை ஒட்டிச் செந்நாய்கள் வந்தாலும் வரும். மைசூரு – மானந்தவாடி சாலை காட்டுக்குள் மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும். அதைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.

ஜூன் மாதத்தில் நீர் ஏறத் தொடங்கினால் புல்வெளி ஒரு சில வாரங்களில் மூழ்கிவிடும். அதற்குள் கோடை மழையில் உள்காடு துளிர்த்திருக்கும். கூட்டங்கள் பிரிந்து போகும். அப்படிப் பிரிந்தவற்றில் சில காட்டின் விளிம்புக்கு வருவதுதான் எச்.டி. கோட்டை, சரகூரு விவசாயிகளின் தலைவலி. ஐப்பசி, கார்த்திகையில் கேழ்வரகு கதிர் முற்றும்போது இரவெல்லாம் பரணில் விழித்திருக்க வேண்டும். வனத்துறை அகழி வெட்டியது. யானை மண்ணைச் சரித்து இறங்கியது. வனத்துறை சூரிய மின்வேலி போட்டது. யானை மரத்தைச் சாய்த்து அதன்மேல் நடந்தது. இப்போது பழைய ரயில் தண்டவாளங்களை நட்டு வேலி அமைக்கிறார்கள். மூன்றிலும் இதுவே ஓரளவு தாக்குப்பிடிக்கிறது, விலையும் மூன்றிலும் இதற்குத்தான் அதிகம். வேலி முடியாத கிராமங்களில் பட்டாசும் தகரடப்பாவும்தான் இன்னும் காவல்.