தலைச்சொல் எங்கே?

ஜொகூர் பாரு என்னும் பெயரை நாம் அடிக்கடி சொல்கிறோம். பேருந்துகளிலும் சாலைப் பலகைகளிலும் காண்கிறோம். அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்த்ததுண்டா? மலாய்மொழியில் 'பாரு' என்றால் 'புதிய' என்று பொருள். ஆகவே, ஜொகூர் பாரு என்பது 'புதிய ஜொகூர்' ஆகும். 1855ஆம் ஆண்டில் தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் காலத்தில் தஞ்சோங் புத்திரி என்னும் பெயரோடு தோன்றிய ஊர், அவருடைய மகன் அபு பாக்கார் காலத்தில் இப்பெயரைப் பெற்றது.

கிளந்தான் மாநிலத்தின் தலைநகரம் கோத்தா பாரு. 'கோத்தா' என்றால் கோட்டை. எனவே, அப்பெயரின் பொருள் 'புதிய கோட்டை'. தமிழ்நாட்டிலும் அதே பொருளில் ஓர் ஊர் இருக்கிறது. அதுதான் புதுக்கோட்டை. இரண்டு ஊர்களுக்கும் பொருள் ஒன்றே. சொற்கள் மட்டும் இடம் மாறி நிற்கின்றன. மலாய்மொழியில் கோட்டை முன்னே நிற்கிறது. தமிழில் அது பின்னே நிற்கிறது.

இந்த வேறுபாடு ஊர்ப்பெயர்களோடு நின்றுவிடுவதில்லை. ஒரு பெயர்ச்சொல்லும் அதை விளக்கும் சொற்களும் சேர்ந்து ஒரே பெயர்போல் இயங்குவதைப் பெயர்த்தொடர் என்கிறோம். 'வீடு' என்பது பெயர்ச்சொல். 'அந்த மூன்று பழைய வீடுகள்' என்பது பெயர்த்தொடர். இத்தொடரில் எது இல்லாவிட்டால் பொருளே இல்லையோ, அதுவே தலைச்சொல். 'அந்த', 'மூன்று', 'பழைய' ஆகியவற்றை ஒவ்வொன்றாக நீக்கினாலும் வீடுகள் எஞ்சும். 'வீடுகள்' என்பதை நீக்கினால் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே தெரியாது. தலைச்சொல்லை விளக்க வரும் சொற்கள் அடைகள் எனப்படும்.

நாம் பள்ளியில் மூன்று மொழிகளைக் கற்கிறோம். ஒரே பெயர்த்தொடர் அம்மூன்றிலும் எவ்வாறு அமைகிறது என்று பார்ப்போம்.

தமிழ்: ஆற்றங்கரையில் உள்ள அந்த மூன்று பழைய வீடுகள்.
மலாய்: தீகா புவா ரூமா லாமா டி தெப்பி சுங்கை இத்து.
ஆங்கிலம்: தோஸ் த்ரீ ஓல்ட் ஹவுசஸ் பை தி ரிவர்.

தமிழில் எல்லா அடைகளும் முன்னே வரிசையாக நிற்க, தலைச்சொல்லாகிய 'வீடுகள்' இறுதியில் வருகிறது. மலாய்மொழியில் எண்ணிக்கை மட்டும் முன்னே வருகிறது. 'ரூமா' என்னும் தலைச்சொல்லுக்குப் பின் 'பழைய', 'ஆற்றங்கரையில்', 'அந்த' என்னும் பொருள் தரும் சொற்கள் தொடர்கின்றன. ஆங்கிலத்தில் தலைச்சொல் நடுவில் நிற்கிறது. ஒற்றைச்சொல் அடைகள் பெரும்பாலும் அதற்கு முன்னும், நீண்ட அடைகள் அதற்குப் பின்னும் வருகின்றன.

மலாய் வகுப்பில் இவ்வமைப்பை 'ஹூக்கும் டி-எம்' என்று கற்றிருப்பீர்கள். விளக்கப்படும் சொல் முதலிலும் விளக்கும் சொல் அடுத்தும் வரும் என்பதே அவ்விதி. 'பெர்டானா மெந்தெரி' போன்ற சில தொடர்கள் அதற்கு விலக்கு. சீனமொழி பேசும் நம் நண்பர்களின் மொழியோ இதில் தமிழைப் போன்றது. 'நேற்று வந்த ஆசிரியர்' என்பதைச் சீனமொழியிலும் நேற்று, வந்த, ஆசிரியர் என்னும் வரிசையிலேயே சொல்வார்கள்.

இவ்வேறுபாட்டை அறியாமல் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கும்போதுதான் பிழைகள் தோன்றுகின்றன. ஆங்கிலத்தில் 'தி பாக்ஸ் ஆஃப் புக்ஸ் இஸ் ஹெவி' என்பது சரி. ஆனால், மாணவர் பலர் 'இஸ்' என்பதற்குப் பதிலாக 'ஆர்' என்று எழுதிவிடுகின்றனர். 'புக்ஸ்' என்னும் பன்மைச் சொல் வினைக்கு மிக அருகில் நின்று கண்ணை ஏமாற்றுகிறது. உண்மையில் கனமாக இருப்பது பெட்டி. அதுவே தலைச்சொல், அது ஒருமை. இதையே தமிழில் 'புத்தகங்கள் உள்ள பெட்டி கனமாக இருக்கிறது' என்கிறோம். தலைச்சொல் தொடரின் இறுதியில், வினையை அடுத்தே நிற்பதால் நமக்குக் குழப்பம் வருவதில்லை. தமிழில் அருகில் உள்ள பெயரைப் பார்த்து வினையை முடிக்கும் பழக்கம், ஆங்கிலத்தில் நம்மைத் தவறான சொல்லிடம் கொண்டுபோய் விடலாம்.

தமிழில் நீண்ட வாக்கியங்களைப் படிக்கும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. 'கடந்த வாரம் பெய்த கனமழையால் சேதமடைந்த எங்கள் பள்ளியின் பழைய நூலகத்தைச் சீரமைத்தனர்' என்னும் வாக்கியத்தைக் காண்போம். எதைச் சீரமைத்தனர் என்பதை அறிய, தொடரின் இறுதிவரை காத்திருக்க வேண்டும். அங்கே 'நூலகத்தை' என்பதில் உள்ள 'ஐ' உருபு நமக்கு வழிகாட்டுகிறது. தமிழில் 'பழைய', 'சேதமடைந்த' போன்ற அடைகள் எந்த வேற்றுமையிலும் மாறுவதில்லை. பழைய நூலகம், பழைய நூலகத்தை, பழைய நூலகத்தில் என எல்லா உருபையும் தலைச்சொல்லே ஏற்கிறது. ஆகவே, வினைக்கு முன்னே உருபேற்று நிற்கும் பெயரைக் கண்டுபிடித்தால், அதற்கு முன்னுள்ள நீண்ட தொடர் எதை விளக்குகிறது என்பது விளங்கிவிடும்.

ஒரு தொடரின் பொருள் எந்தச் சொல்லில் நிற்கிறது என்னும் கேள்வி புதியதன்று. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் எச்சவியலில் தொகைச்சொற்களைப் பற்றி இதை ஆராய்ந்துள்ளார். பொருள் முன்மொழியில் நிற்கலாம், பின்மொழியில் நிற்கலாம், இரு மொழிகளிலும் நிற்கலாம், அவ்விரண்டிலும் இல்லாமல் வேறொன்றில் நிற்கலாம் என்று அவர் நான்காக வகுத்தார். வேங்கைப்பூ என்றால் அது பூவே, மரமன்று. இங்குப் பொருள் பின்மொழியில் நிற்கிறது. 'தாய் தந்தை' என்பதில் பொருள் இரு சொற்களிலும் நிற்கிறது. பொற்றொடி என்னும் சொல் பொன்னையும் குறிக்காமல், வளையலையும் குறிக்காமல், அதை அணிந்த பெண்ணைக் குறிக்கும்போது அது அன்மொழித்தொகை ஆகிறது. இடம் மாறினால் பொருளும் மாறும். பழத்தோட்டம் என்பது ஒரு தோட்டம். தோட்டப்பழம் என்பது ஒரு பழம்.

தலைச்சொல்லை அறிந்த பிறகும், அடை எதைத் தழுவுகிறது என்று கேட்க வேண்டியிருக்கும். பள்ளியின் அறிவிப்புப் பலகையில் 'புதிய மாணவர் விடுதியில் உள்ளோர் நாளை மாலை கூடவும்' என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். தலைச்சொல் 'விடுதி' என்பதில் ஐயமில்லை. ஆனால், புதியது எது? விடுதி புதியதா, மாணவர்கள் புதியவர்களா? முதல் பொருளை எடுத்துக்கொண்டால் புதிய கட்டடத்தில் தங்கியுள்ள ஐந்தாம் படிவ மாணவரும் செல்ல வேண்டும். இரண்டாம் பொருளை எடுத்துக்கொண்டால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான விடுதியில் இருப்போர் மட்டும் சென்றால் போதும். யாரோ ஒருவர் வீணாகக் காத்திருப்பார். அல்லது வர வேண்டியவர் வராமல் போவார். 'அஸ்ராமா பெலாஜார் பஹாரு' என்று மலாயில் எழுதினாலும் இதே ஐயம் எழும்.

தீர்வு கடினமன்று. 'மாணவர்களுக்கான புதிய விடுதி' என்று எழுதினால் புதுமை விடுதியைச் சேரும். 'புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் விடுதி' என்று எழுதினால் அது மாணவர்களைச் சேரும். அடையை அதற்குரிய பெயருக்கு அருகில் வைப்பதே இதன் வழி.

ஆகவே, எந்த மொழியில் படித்தாலும் எழுதினாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். தலைச்சொல் எது? இந்த அடை எந்தப் பெயரை விளக்குகிறது? நாளை பள்ளிக்குச் செல்லும் வழியில் தென்படும் பெயர்ப்பலகைகளிலேயே பயிற்சியைத் தொடங்கலாம். கோத்தா திங்கி என்பதைக் கண்டால், 'கோத்தா' தலைச்சொல், 'திங்கி' அடை, தமிழில் அது 'உயர்ந்த கோட்டை' என்று சொல்லிப் பாருங்கள்.