உங்களுக்குத் தெரியுமா? தாலிப் பொன் உருகுவது மாப்பிள்ளை வீட்டில்!

யாழ்ப்பாணத்துச் சைவக் கலியாண முறைப்படி, தாலிக்குரிய பொன்னைப் பட்டறையில் அல்ல, மாப்பிள்ளை வீட்டில் நல்ல நாள் பார்த்து உருக்குவார்கள். இதுவே பொன்னுருக்கு.

● பத்தர் எனப்படும் பொற்கொல்லர் தங்க நாணயத்தைக் கரித்தணலில் வைத்து ஊதுகுழலால் ஊதுவார். தூய தங்கம் உருக 1,064 பாகை செல்சியஸ் வேண்டும். வாயால் ஊதும் காற்றே தணலை அந்த அளவுக்கு ஏற்றிவிடும். அருமையான கைத்திறன் இது.

● உருகித் திரண்ட பொன் வெற்றிலை, பாக்கு, மஞ்சளோடு தட்டில் மாப்பிள்ளை கைக்கு வரும். பெரியவர்கள் வாழ்த்தியபின் மீண்டும் பத்தரிடம் போகும்.

● தாலிக்கொடிக்குக் கம்பி இழுப்பது தனி வேலை. அச்சுத் துளைகளில் பெரியதிலிருந்து சிறியதாக, இடையிடையே சூடாக்கி இழுக்க வேண்டும். 1 கிராம் தங்கம் 2 கிலோமீற்றருக்கு மேல் நீளக்கூடியது.

● பொன்னுருக்கியபின் மணவறை வரை மணமக்கள் சந்திப்பதில்லை என்பது வழக்கம்.