புத்தர் பிரானின் திருக்கரங்கள்

குன்றத்தூர் என்றவுடன் குன்றின்மேல் எழுந்தருளியுள்ள முருகப்பெருமானையும், பெரிய புராணம் அருளிய சேக்கிழாரையுமே எவரும் முதலில் நினைப்பர். அது முறையே. ஆயினும் நாம் இன்று நேயர்களை அழைத்துச் செல்வது வேறொரு பெரியாரிடத்திற்கு. பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் செல்லும் சாலையில் இரண்டாங்கட்டளை என்றோர் ஊர் உண்டு. அங்கே பழைய புத்தர் சிலை ஒன்று இருப்பதை, ‘பௌத்தமும் தமிழும்’ என்னும் நூலில் மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் குறித்துவைத்தார். சேக்கிழாரும் பௌத்தரை மறந்தவர் அல்லர். காஞ்சிக்குச் சென்று பௌத்தம் தழுவி, பின்னர்ச் சிவனிடத்தில் அன்பு மிகுந்தும், பூண்ட சாக்கிய வேடத்தைக் களையாமலே நாள்தோறும் கல்லெறிந்து வழிபட்ட சாக்கிய நாயனாரின் கதையை அவர் பாடியிருக்கிறார்.

மரத்தடியிலோ ஏரிக்கரையிலோ ஒரு கற்சிலையைக் காண்கிறோம். அது யாருடைய சிலை? சோழநாட்டுச் சிற்றூர்களில் இத்தகைய புத்தரைச் செட்டியார் என்றும் முனி என்றும் அழைப்பதுண்டு. பெயர் மாறலாம், கல்லில் வடித்த கை மாறாது. சிற்பி தன் கையெழுத்தை அங்கேதான் இட்டுப் போயிருக்கிறான்.

தமிழ்நாட்டில் மிகுதியாகக் கிடைப்பது அமர்ந்த கோலம். மடிமேல் இடக்கை, அதன்மேல் வலக்கை, இரண்டும் மலர்ந்து மேல்நோக்கியிருக்கும். இது தியான முத்திரை. கால்களையும் கவனிக்கவேண்டும். தென்னாட்டிலும் இலங்கையிலும் வலக்காலை இடக்காலின்மேல் சும்மா சாத்தி அமர்வதே பெருவழக்கு. இதை அர்த்தபத்மாசனம் என்பர். வடநாட்டுச் சிலைகளில் இரு பாதங்களும் மேல்நோக்கிப் பின்னியிருக்கும் முழுப் பத்மாசனமே அதிகம்.

அநுராதபுரத்திலுள்ள சமாதிப் புத்தர் இக்கோலத்தின் சிகரம் எனலாம். 1931-இல் இலங்கை சென்ற ஜவாஹர்லால் நேரு அச்சிலையைக் கண்டு மனம் பறிகொடுத்தார். அடுத்த ஆண்டு டேராடூன் சிறையில் அவர் இருந்தபோது, இலங்கை நண்பர் ஒருவர் அதன் படத்தை அனுப்பினார். சிறைக்கூடத்தின் சிறு மேஜைமீது அப்படமே தமக்கு அரிய துணையாய் இருந்ததென்று தம் சுயசரிதையில் அவர் எழுதியுள்ளார். கல்லில் அசையாதிருக்கும் இரு கைகள் சிறைப்பட்ட மனிதனுக்கு என்ன சொல்லியிருக்கும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

வலக்கை மடியை விட்டு முழங்காலின்மேல் இறங்கி, விரல்கள் தரையைத் தொட்டால் பொருள் வேறு. போதிமரத்தடியில் மாரன் வந்து, ‘இவ்வாசனத்திற்கு நீ உரியவன் என்பதற்குச் சாட்சி யார்?’ என்று அறைகூவியபோது, சித்தார்த்தர் வாய் திறவாமல் பூமியைத் தொட்டார்; பூமிதேவியே சாட்சி பகர்ந்தாள். பூமிஸ்பர்ச முத்திரை என்பது இதுவே. பர்மாவிலும் சயாமிலும் எங்கு நோக்கினும் இக்கோலந்தான்.

உள்ளங்கையை வெளிப்புறம் காட்டி உயர்த்திய வலக்கை அபயம். இதை நாம் விளக்கவேண்டியதில்லை. நடராஜப் பெருமானின் கையில் நாள்தோறும் காண்பதுதான். தேவதத்தன் ஏவிய மதயானை நாளாகிரி இக்கரத்தின் முன்னே அடங்கிற்று என்பது பௌத்தர் கூறும் வரலாறு. பெருவிரலும் சுட்டுவிரலும் கூடினால் அது உபதேசம் செய்யும் விதர்க்க முத்திரை. ஆலமர்செல்வராகிய தட்சிணாமூர்த்தியின் சின்முத்திரையோடு இதை ஒப்பிட்டு மகிழலாம். அவர் ஆலின்கீழ், இவர் அரசின்கீழ். இரு கைகளும் மார்பருகே கூடிச் சக்கரம் சுழற்றுவதுபோல் அமைந்தால் தருமசக்கர முத்திரை. குப்தர் காலத்துச் சாரநாத்துச் சிலை இதற்குப் பேர்போனது. 1947-இல் நம் கொடியில் ஏறிய சக்கரமும் அதே சாரநாத்து அசோகத் தூணிலிருந்து வந்ததே.

இனிக் கோலங்கள். பல்லாவரத்திற்கு அண்மையிலுள்ள திருநீர்மலையில் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் காட்சி தருவதை நம் வீட்டுப் பெரியவர்கள் நன்கறிவர். பௌத்த நூல்கள் வகுத்த நிலைகளும் இந்த நான்கே! நடக்கும் புத்தரைச் சயாமின் சுகோதயச் சிற்பிகள் அழகுற வார்த்தனர். கிடந்த கோலத்திற்குப் பொலன்னறுவையின் கல்விகாரை செல்லவேண்டும். அங்கே பாதங்களைப் பார்க்கவேண்டும். இரு பாதங்களும் ஒப்ப இருந்தால் துயில். மேலேயுள்ள பாதம் சற்றே பின்வாங்கியிருந்தால் பரிநிர்வாணம். கல்விகாரையில் பின்வாங்கியிருக்கிறது.

நம் நாட்டில் ஒரு குழப்பம் அடிக்கடி நேருகிறது. அமர்ந்த சமண தீர்த்தங்கரரின் கைகளும் இவ்வாறே மடியில் இருக்கும். அப்போது ஆடையைத் தேடவேண்டும். புத்தருக்கு இடத்தோளை மூடிச் செல்லும் சீவரம் உண்டு. உச்சியில் முடித்திரள் உண்டு. நாகபட்டினத்துச் செப்புத் திருமேனிகளில் அதன்மேல் ஞானச்சுடரும் எழும். தீர்த்தங்கரருக்கு ஆடை இல்லை; தலைக்குமேல் முக்குடை இருக்கும்.

இவையெல்லாம் பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் சேலத்துச் செய்தியைக் கேட்கட்டும். அந்நகரில் ‘தலைவெட்டி முனியப்பன்’ என்ற பெயரில் ஒரு சிலை நெடுங்காலம் பூஜை பெற்று வந்தது. அது புத்தர் என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. உயர்நீதிமன்ற ஆணைப்படி தொல்லியல் துறையினர் சென்று பார்த்தனர். தாமரைப் பீடம், அர்த்தபத்மாசனம், மடியில் தியான முத்திரை, சுருள்முடி, முடித்திரள், நீண்ட காதுமடல் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டனர். தலை துண்டுபட்டுப் பிற்காலத்தில் சிமெண்டும் சுண்ணாம்பும் கொண்டு ஒட்டப்பட்டிருந்தது. அவர்களது அறிக்கையை ஏற்று, அது புத்தரே என்று 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலை வெட்டுண்டபோதும் கைகள் மடியிலிருந்து அகலவில்லை.