பழைய படகு மோட்டார்: கடலைவிடக் கரையில் கவனம்

வேதாரண்யம் பக்கம் பல குடும்பங்களுக்கு நிலமும் உண்டு, ஃபைபர் படகும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கடல் சீறினால் படகைக் கரையேற்றிவிட்டு வயலுக்குப் போய்விடுவார்கள். தை மாதம் கயிற்றை இழுத்தால் பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் பிடிக்காது. உள்ளே தங்கிய உப்பும், கார்புரேட்டரில் பிசினாக மாறிய எரிபொருளும்தான் பெரும்பாலும் காரணம்.

படகைக் கரையேற்றியதும், மோட்டாரின் அடிப்பகுதியை நல்ல தண்ணீர்ப் பீப்பாயில், தண்ணீர் உறிஞ்சும் துளைகள் நன்றாக மூழ்கும்படி இறக்கி, கியர் போடாமல் பத்து நிமிடம் மெதுவாக ஓடவிட வேண்டும். பக்கத் துளையில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். துளை அடைத்திருக்கும், அல்லது பம்பின் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கும். இதைப் பாராமல் ஓட்டி நடுக்கடலில் பிஸ்டன் இறுகிவிட்டால் துடுப்புதான் கதி.

பிறகு எரிபொருள் குழாயைக் கழற்றி, மோட்டார் தானே நிற்கும்வரை ஓடவிட்டால் கார்புரேட்டர் காலியாகும். பிளக்கைக் கழற்றி ஒரு சிறுகரண்டி ஆயில் விட்டு, கயிற்றை மெல்ல நான்கு முறை இழுத்து, பிளக்கைத் திரும்ப மாட்டி, மோட்டாரை நிமிர்த்தியே வைக்கவும். கியர் ஆயில் மோர்போல் வெளுத்து வந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஆயில் கலவை கையேட்டில் உள்ளபடிதான்: 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 25:1 என்றால் 40. கூட்டினால் பிளக்கில் கரி படியும், குறைத்தால் பிஸ்டன் போகும். மோட்டார் சைக்கிள் ஆயில் இதற்கு ஆகாது. படகு மோட்டாருக்கென்றே விற்கும் டூ-ஸ்ட்ரோக் ஆயிலைக் கேட்டு வாங்குங்கள்.