போட்டித் துப்பாக்கியுடன் விமானப் பயணம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

திருவண்ணாமலையில் விமான நிலையம் இல்லை. தில்லி துக்ளகாபாத்தில் உள்ள டாக்டர் கர்ணி சிங் சுடுதளத்திலோ, போபாலிலோ நடக்கும் தேசியப் போட்டிக்குச் செல்ல வேண்டிய இம்மாவட்ட வீரர், துப்பாக்கிப் பெட்டியுடன் சாலை வழியாகவோ ரயிலிலோ சென்னை, பெங்களூரு போன்ற ஊருக்குச் சென்று, அங்கிருந்துதான் விமானம் ஏற முடியும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் மட்டும் இந்தியா 3 வெண்கலப் பதக்கங்களை வென்றது. புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமானும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் அந்த ஒலிம்பிக்கில் பங்கேற்றவர்கள். பிள்ளைகளை இந்த விளையாட்டில் சேர்த்துள்ள பெற்றோர் முதல் வெளியூர்ப் போட்டியின்போது எழுப்பும் கேள்விகளுக்கான விளக்கங்கள் இங்கே தரப்படுகின்றன.

விமானத்தில் துப்பாக்கியைக் கொண்டுபோகவே முடியாது என்கிறார்களே, உண்மையா?

பயணிகள் அமரும் கேபினுக்குள் கொண்டுபோக முடியாது; செக்-இன் செய்யும் பெட்டியில் வைத்து அனுப்பலாம். 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 8-ஆவது விதி, விமானத்தில் ஆயுதங்களைக் கொண்டுசெல்லப் பொதுத் தடை விதித்து, அரசின் அனுமதிக்கு உட்பட்டு விலக்கும் அளிக்கிறது. பாதுகாப்பு நிபந்தனைகளை மத்திய அரசின் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் வகுக்கிறது. இவை தவிர, சம்பந்தப்பட்ட விமான நிறுவனத்தின் ஒப்புதலும் தேவை.

விமானச் சட்டமே மாறிவிட்டதாமே? பழைய விதி இன்னும் செல்லுமா?

1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்துக்குப் பதிலாக, 'பாரதிய வாயுயான் அதிநியம் 2024' என்ற புதிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள், அவற்றுக்குப் பதிலாகப் புதியவை வரும் வரை தொடரும் என்று புதிய சட்டம் கூறுகிறது. எனவே சட்டத்தின் பெயர் மாறியதால் மட்டும் துப்பாக்கி அனுமதி நடைமுறை மாறிவிடவில்லை.

ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டலுக்கு உரிமம் வேண்டுமா?

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கு மிகாமலும், வெளிப்படும் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. இவற்றில் ஏதேனும் ஒன்று வரம்பைத் தாண்டினாலும் உரிமம் பெற வேண்டும். 10 மீட்டர் போட்டியில் பயன்படுவது 4.5 மி.மீ. துப்பாக்கிதான். அரை கிராம் எடையுள்ள பெல்லட் நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் ஆற்றல் 8 ஜூலைக்கூட எட்டாது.

அப்படியானால் ஏர் ரைஃபிளைச் சொல்லாமலே மற்றப் பெட்டிகளோடு அனுப்பிவிடலாமா?

கூடாது. எக்ஸ்ரே திரையில் ஏர் ரைஃபிளும் துப்பாக்கியாகவே தெரியும். அறிவிக்காமல் அனுப்பிய பெட்டி நிறுத்தப்பட்டு, பயணியைத் தேடி அழைப்பு வரும். அதற்குள் விமானம் புறப்பட்டுவிடவும் கூடும். எனவே செக்-இன் கவுன்ட்டரிலேயே தெரிவித்து, கடையில் வாங்கிய ரசீது, மாதிரி எண்ணும் குழல் விட்டமும் குறிப்பிட்ட ஆவணம், சங்க அடையாள அட்டை, போட்டி அழைப்பு ஆகியவற்றைக் காட்டுவதே சரியான வழி.

ஏர் ரைஃபிளின் காற்று உருளையை நிரப்பியபடியே கொண்டுபோகலாமா?

முடியாது. இந்த உருளைகளில் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்படுகிறது. அழுத்தமுள்ள வாயு உருளை விமானப் பயணத்துக்கான ஆபத்துப் பொருள்களில் ஒன்று. காற்றை முழுவதுமாக வெளியேற்றி, உருளையைத் துப்பாக்கியிலிருந்து கழற்றித் தனியே வைத்தால் பரிசோதகருக்கு ஐயம் எழாது. உருளையின் மீது அச்சிட்ட தேதியையும் புறப்படும் முன்பே பார்த்துவிட வேண்டும்: சர்வதேசச் சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி அதன் பயன்பாட்டுக் காலம் அதிகபட்சம் 10 ஆண்டுகள்.

.22 ரைஃபிள், பிஸ்டல், ஷாட்கன் ஆகியவற்றுக்கு யார் உரிமம் தருவார்கள்? எத்தனை ஆண்டு செல்லும்?

மாவட்டங்களில் ஆட்சியரிடமும், மாநகரக் காவல் எல்லைக்குள் காவல் ஆணையரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். ஆயுதச் சட்டத்துக்கான 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்தபின், உரிமக் காலம் 3 ஆண்டுகளிலிருந்து 5 ஆண்டுகளாக உயர்ந்தது. பயணத்துக்கு முன் பார்க்க வேண்டிய இன்னொரு பகுதி, உரிமம் செல்லுபடியாகும் எல்லை. அதில் தமிழ்நாடு மட்டும் குறிப்பிடப்பட்டிருந்தால், வேறு மாநிலப் போட்டிக்குச் செல்வதற்கு முன் எல்லையை நீட்டித்து வாங்க வேண்டும்.

ஒருவர் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம் என்பது வீரர்களுக்கும் பொருந்துமா?

பொதுமக்களுக்கான வரம்பு 2. புகழ்பெற்ற வீரர் என்ற தகுதி உடையவர், ஒரு பிரிவில் போட்டியிட்டால் 8, இரண்டு பிரிவுகளில் என்றால் 10, அதற்கு மேல் என்றால் 12 துப்பாக்கிகள் வரை வைத்திருக்க 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் அனுமதித்தது. இளையோர் பிரிவு வீரர்களுக்கு வரம்பு 2. இவை உடைமைக்கான எண்ணிக்கைகளே. ஒரே விமானத்தில் எத்தனை ஏற்றலாம் என்பது விமான நிறுவனத்தின் ஒப்புதலைப் பொறுத்தது.

மகனுக்கு வயது 15. அவன் பயன்படுத்தும் துப்பாக்கியை யார் கொண்டுபோவது?

ஆயுதச் சட்டப்படி 21 வயது நிறையாதவர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது என்பது பொது விதி. பயிற்சிக்காக மட்டும், 12 வயது கடந்தவர் இளையோர் வீரராக நிபந்தனைகளுடன் பயன்படுத்தலாம். கிளப்பின் துப்பாக்கி என்றால், அதைக் கொண்டுசெல்ல அதிகாரம் பெற்ற பொறுப்பாளர் உடன் பயணிக்க வேண்டும். தந்தையின் உரிமத்தில் உள்ள துப்பாக்கி என்றால் தந்தையே உடன் செல்வது உகந்தது. உரிமதாரர் இல்லாமல் இன்னொருவர் எழுத்துப்பூர்வ அனுமதியுடன் எடுத்துச் செல்ல சட்டம் இடம் தருவது பழுதுபார்ப்பு, உரிமம் புதுப்பித்தல் போன்ற காரணங்களுக்கு மட்டுமே. போட்டிப் பயணம் அதில் சேராது.

தோட்டா எவ்வளவு கொண்டுபோகலாம்?

சர்வதேச ஆபத்துப் பொருள் விதிகளின்படி, ஒரு பயணிக்கு உறையுடன் சேர்த்து 5 கிலோ வரை, சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதி. வெடிக்கும் அல்லது தீப்பற்ற வைக்கும் முனையுள்ள தோட்டாக்களுக்கும், தனி வெடிமருந்துத் தூளுக்கும் இடமில்லை. விமான நிறுவனம் இதைவிடக் குறைந்த வரம்பை விதித்தால் அதுவே செல்லும்.

அந்த 5 கிலோ ஒரு போட்டிக்குப் போதுமா?

.22 தோட்டா ஒன்றின் எடை சுமார் மூன்றரை கிராம் என்பதால், 5 கிலோவுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அடங்கும். 50 மீட்டர் ரைஃபிள் தகுதிச் சுற்றின் 60 சுடுதலுக்கும் பயிற்சிக்கும் அது தாராளம். ஷாட்கன் வீரர்களின் நிலை வேறு. 12 போர் தோட்டா ஒன்று ஏறத்தாழ 37 கிராம் இருப்பதால் 125 தோட்டாவிலேயே வரம்பு ஏறக்குறைய நிரம்பிவிடுகிறது. டிராப் தகுதிச் சுற்றிலோ 125 இலக்குகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை சுட அனுமதி உண்டு. ஆகவே டிராப், ஸ்கீட் வீரர்கள் போட்டி நடக்கும் ஊரிலேயே உரிமத்தைக் காட்டித் தோட்டா வாங்க முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது அவசியமாகிறது.

ஆண்டுக்கு 5,000 தோட்டா வாங்கலாம் என்று அரசே சொல்லியிருக்கிறதே?

அது வாங்குவதற்கான வரம்பு. விமானத்தில் ஏற்றுவதற்கானது அல்ல. உள்துறை அமைச்சகத்தின் 2020 திருத்தத்தின்படி பயிற்சிக்காக ஓர் ஆண்டில் .22 தோட்டா 1,000-லிருந்து 5,000 ஆகவும், மற்றப் பிஸ்டல், ரிவால்வர் தோட்டா 600-லிருந்து 2,000 ஆகவும், ஷாட்கன் தோட்டா 500-லிருந்து 5,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஒரு பயணத்துக்கு 5 கிலோ என்ற வரம்பு இதனால் மாறாது.

இருவர் சேர்ந்து போனால் 10 கிலோவை ஒரே பெட்டியில் வைக்கலாமா?

வைக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கான 5 கிலோவும் அவரவர் பெட்டியில் தனித்தனியே இருக்க வேண்டும் என்று விதி தெளிவாகக் கூறுகிறது.

பெட்டியில் எப்படி அடுக்க வேண்டும்?

துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. பூட்டக்கூடிய கடினமான பெட்டியில் வைக்க வேண்டும். தோட்டாக்களைத் தயாரிப்பாளரின் அட்டைப் பெட்டியிலேயே வைத்து, துப்பாக்கியிலிருந்து தனியே கட்ட வேண்டும். மேகசின், போல்ட், குழல் போன்ற உதிரிப் பாகங்களும் செக்-இன் பெட்டியில்தான் செல்ல வேண்டும். எளிதில் தீப்பற்றும் துப்புரவுத் திரவங்களை எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது.

கட்டணம் எவ்வளவு? எப்போது தெரிவிக்க வேண்டும்?

எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கட்டணம் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு தொகையும் எடை வரம்பும் வைத்துள்ளது. டிக்கெட் எடுத்த உடனேயே துப்பாக்கியின் வகை, வரிசை எண், தோட்டாவின் எடை ஆகியவற்றைத் தெரிவித்து, ஒப்புதலையும் கட்டண விவரத்தையும் மின்னஞ்சலில் பெற்று அச்சிட்டு வைத்திருப்பது பாதுகாப்பு. 2021 பிப்ரவரியில் தில்லியிலிருந்து போபால் செல்லவிருந்த துப்பாக்கி சுடுதல் வீராங்கனை மனு பாக்கர், ஆவணங்கள் இருந்தும் ரூ.10,200 கேட்டுத் தம்மை நிறுத்தியதாக விமான நிலையத்திலிருந்தே பொதுவெளியில் புகார் எழுப்ப வேண்டியிருந்தது. அப்போதைய விளையாட்டுத் துறை அமைச்சர் தலையிட்டார். ஆனால் மாவட்ட அளவிலான ஒரு வீரருக்கு அந்த நேரத்தில் கைகொடுக்கக் கூடியது அவர் கையில் உள்ள தாள் ஒன்றுதான்.

விமான நிலையத்தில் என்ன நடக்கும்?

செக்-இன் கவுன்ட்டரில் துப்பாக்கி இருப்பதைத் தெரிவித்ததும், விமான நிறுவனத்தின் பாதுகாப்பு ஊழியர் வருவார். உரிமத்தில் உள்ள வரிசை எண்ணும் துப்பாக்கியில் பொறித்த எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடப்படும். பின்னர் போல்ட்டைத் திறந்து குழல் காலியாக இருப்பது உறுதி செய்யப்படும். சுடுதளத்தில் பயன்படுத்தும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு நாடாவைக் குழலில் செருகியே வைத்திருந்தால் இந்தச் சோதனை நொடியில் முடியும். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்ற உறுதிமொழியில் பயணி கையெழுத்திட்ட பிறகே பெட்டி பூட்டப்பட்டுச் சரக்கு அறைக்குச் செல்லும். உரிமத்தில் ஓர் எண் தவறாகப் பதிவாகியிருந்தால் அதை விமான நிலையத்தில் திருத்த வழியில்லை; ஆட்சியர் அலுவலகத்தில் முன்பே திருத்தி வாங்க வேண்டும்.

எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்?

உள்நாட்டு விமானத்துக்கும் 3 மணி நேரம் முன்பாகக் கவுன்ட்டரை அடைவது நல்லது. திருவண்ணாமலையிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 180 கி.மீ. தொலைவு. பௌர்ணமி கிரிவலம், கார்த்திகை தீபம் ஆகிய நாள்களில் திண்டிவனம் சாலையில் கூட்டம் எப்படி இருக்கும் என்பது ஊர் அறிந்தது. அந்நாள்களில் முந்தைய நாளே கிளம்புவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

பேருந்திலும் ரயிலிலும் துப்பாக்கியைக் கொண்டுபோகலாமா?

உரிமத்தின் அசலுடன், தோட்டா இல்லாமல், உறையிலோ பெட்டியிலோ மூடி வைத்துக் கொண்டுசெல்லலாம். பொது இடத்தில் வெளியே தெரியும்படி எடுத்துச் செல்வதற்கு 2016 ஆயுத விதிகள் இடம் தரவில்லை. பெட்டியைக் கண் பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும். பேருந்தின் பின்புறச் சரக்குப் பகுதியில் போட்டுவிட்டு முன்னால் உட்காருவது சரியல்ல.

வெளியூர் வீரர், போகும் வழியில் அண்ணாமலையார் கோயிலுக்குச் சென்றால் பெட்டியை லாட்ஜில் கொடுத்து வைக்கலாமா?

உரிமம் இல்லாதவரிடம் துப்பாக்கியை ஒப்படைக்கக் கூடாது. லாட்ஜ் வரவேற்பறையும் பொருள் பாதுகாப்பு அறையும் இதில் அடங்கும். 14 கி.மீ. கிரிவலப் பாதையிலும் கோயிலுக்குள்ளும் பெட்டியுடன் செல்வதும் இயலாத காரியம். தரிசனத்தைப் பயணத்திலிருந்து பிரித்து, துப்பாக்கி வீட்டிலோ, கிளப்பிலோ, பாதுகாப்பு வசதிக்கு உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ இருக்கும் நாளில் வைத்துக்கொள்வதே வழி.

கைப்பையில் எவற்றை வைத்துக்கொள்ளலாம்?

சுடுதல் ஜாக்கெட், கால்சட்டை, காலணி, கையுறை, கண்மறைப்பு ஆகியவற்றைக் கைப்பையில் கொண்டுபோகத் தடையில்லை. பயிற்சிக் கருவிகளுக்கான உபரி லித்தியம் பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஸ்குரூடிரைவர், ஆலன் கீ, பெல்லட் டப்பா ஆகியவற்றைச் செக்-இன் பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.

பையின் மூலையில் ஒரு தோட்டா மறந்துபோய்க் கிடந்தால் என்ன ஆகும்?

இதில்தான் நேர்மையான பயணிகளும் சிக்குகிறார்கள். சுடுதளத்தில் பயன்படுத்திய அதே முதுகுப்பையை விமானத்துக்கும் கொண்டுவரும்போது, பக்கவாட்டு ஜிப்புக்குள் தங்கிய ஒற்றை .22 தோட்டா எக்ஸ்ரேயில் தெரிந்தால், பயணம் நின்று, காவல் நிலையத்துக்குச் செல்ல நேரிடும். உரிமமில்லாத தோட்டா வைத்திருந்ததாக ஆயுதச் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் வழக்குப் பதிவானால் 2 முதல் 5 ஆண்டு சிறைக்கு இடமுண்டு; தெரிந்தே வைத்திருந்தது நிரூபிக்கப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது என்றாலும், அதை வாதிட நீதிமன்றம் வரை போக வேண்டும். உரிமம் உள்ளவரே நிபந்தனையை மீறினால் 30-ஆவது பிரிவின் கீழ் 6 மாதச் சிறை, ரூ.2,000 அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். எனவே முந்தைய இரவே பையைத் தலைகீழாகக் கொட்டி, ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து, வெற்று உறைகளையும் சேர்த்து அகற்ற வேண்டும்.

தேர்தல் காலத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்களே?

யார் ஒப்படைக்க வேண்டும் என்பதை மாவட்ட அளவிலான பரிசீலனைக் குழு முடிவு செய்கிறது. போட்டிகளில் பங்கேற்கும், தேசிய ரைஃபிள் சங்க உறுப்பினர்களான விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு அளிப்பது வழக்கம். ஆனால் அறிவிப்பு வெளியானதும் உறுப்பினர் சான்று, போட்டி அட்டவணை ஆகியவற்றுடன் ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் விலக்குக் கோரிப் பெற்றிருந்தால்தான் வழியில் நடக்கும் வாகனச் சோதனைகளில் தடங்கல் இராது.

வெளிநாட்டுப் போட்டிக்கு வேறு என்ன தேவை?

சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான அளவு ஆயுதம், தோட்டாக்களைத் தனி உரிமம் இன்றி வெளியே கொண்டுபோகவும் திரும்பக் கொண்டுவரவும் ஆயுதச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. புறப்படும்போது சுங்க அதிகாரியிடம் வரிசை எண்ணுடன் ஏற்றுமதிச் சான்று பெற்றால், திரும்பும்போது வரிப் பிரச்சினை எழாது. போட்டி நடக்கும் நாட்டின் தற்காலிக இறக்குமதி அனுமதியும், விமானம் மாறும் நாட்டின் அனுமதியும் தனித்தனியே தேவைப்படலாம்.

போட்டி முடிந்து திரும்பும்போதும் இதே நடைமுறைதானா?

ஆம், ஒப்புதல், அறிவிப்பு, சோதனை அனைத்தும் திரும்பும் பயணத்துக்கும் புதிதாக நடக்கும். மிஞ்சிய தோட்டாக்களையும், போட்டி நடந்த ஊரில் வாங்கியவற்றையும் சேர்த்து மீண்டும் எடை பார்க்க வேண்டும். சென்னையில் இறங்கியதும் துப்பாக்கிப் பெட்டி வழக்கமான பெல்ட்டில் வராமல், விமான நிறுவன ஊழியரால் நேரில் ஒப்படைக்கப்படலாம்; அடையாள அட்டையையும் லக்கேஜ் சீட்டையும் காட்டி, பூட்டைச் சரிபார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.